அடுப்பு காயும்வரை

"கல்லுக்கு இவ்வளவு நேரம் குடுக்குறீங்க தம்பி, எங்க ஆளுகளுக்கு ஒரு நாள் குடுக்க மாட்டீங்களா?" என்று, புது அடுப்பை ஒரு நாள் முன்னதாக ஏற்றச் சொல்லி, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. இப்போது ஏழெட்டுப் பதில்கள் வைத்திருக்கிறேன். ஒன்றும் திருப்தியாக இல்லை.

தேயிலை காயவைக்கிற டிரையருக்குச் சூடான காற்று அனுப்பும் விறகடுப்பு ஹீட்டரை மாற்றத்தான் வேலை. அதைத் தூக்கி வைக்கிற கிரேன் சொன்ன நாளில் வந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திராது. கித்துல்கலைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில் மண் சரிந்து, கிரேனை ஏற்றி வந்த லோபெட் லொறி கீழேயே நின்றுவிட்டது. பாதை திறந்த பிறகும் தோட்டத்து முடக்குகளில் அந்த நீளத்தைத் திருப்ப வழியில்லை. கிரேனை இறக்கி, நான்கு சக்கரமும் திரும்பும் வண்டி என்பதால், சொந்தச் சக்கரத்திலேயே ஊர்ந்து ஏற்றினார்கள். 25 தொன் தூக்குகிற கிரேன் என்றால் அதன் எடையே 25 தொன்னைத் தாண்டும். ஒவ்வொரு மதகிலும் தோட்டத்தை நடத்துகிற துரை இறங்கி முன்னால் நடந்தார். பழைய ஹீட்டரைக் கூரை வழியாகத் தூக்கிப் புதியதை இறக்கி வைத்தபோது, எனக்கு ஒதுக்கிய நாட்களில் பாதி போயிருந்தது.

என் வேலை உள்சுவர். நெருப்புக் கல் கட்டி, வளைவுக்கும் வாய்க்கும் காஸ்டபிள் என்கிற, சூடு தாங்கும் சீமெந்துக் கலவை வார்ப்பது. இரண்டும் 1300 பாகை வரை தாங்கும் சரக்கு. ஆனால் ஈரம் போகாத காஸ்டபிள் 300 பாகையிலேயே வெடிக்கலாம். சும்மா நிற்கிற தண்ணீர் 100 பாகையைத் தாண்டினால் போய்விடும். சீமெந்தோடு சேர்ந்து இறுகிய தண்ணீர் அதற்கு மேலேதான் விடும். ஆவிக்கு வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வரும். அதனால் வார்த்து 24 மணி நேரம் தொடக் கூடாது. அப்புறம் சுள்ளி விறகில் சின்னத் தீ, 110 பாகையில் நிறுத்தி, பிறகு மணிக்கு 25 பாகை வீதம் மெல்ல மெல்ல.

டீமேக்கருக்கு இது புதிதல்ல. டிரையருக்குள் போகிற காற்று 90, 100 பாகையில் நிற்க வேண்டும் என்று காலமெல்லாம் அடுப்போடு மல்லுக்கு நின்றவர். அவர் கவலை வேறு. அதுவரை பக்கத்துத் தோட்டம் கொழுந்தை வாங்கிக்கொண்டது. அவர்களுக்கும் கொழுந்து கூடிவிட்டது. நாங்கள் கொடுத்த திகதிக்கு மேல் முடியாது என்றுவிட்டார்கள். அடுப்பு காய அதற்கு மேல் ஒரு நாள் தேவைப்பட்டது. கொழுந்து எடுக்காவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. நாள் சம்பளம் அப்போது 1000 ரூபாய், 2021இல் வந்தது. அந்த ஆயிரத்துக்கு எத்தனை வருடம் றோட்டில் நின்றார்கள் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். அது தெரிந்துதான் டீமேக்கர் என்னிடம் கேட்டாரோ என்னவோ.

"முடியாது ஐயா" என்றேன். அவ்வளவுதான்.

செராமிக் பஞ்சுப் போர்வை அடித்திருந்தால் காயவைக்கிற வேலையே இல்லையே, அதுவும் 1260 பாகை தாங்குமே என்று பிறகு ஒரு நண்பன் சொன்னான். சரிதான். விறகுக் கட்டை இடிக்கிற இடத்தில் அது கிழிந்துபோகும் என்பதும் சரிதான்.

அடுப்பு இன்றுவரை நன்றாக எரிகிறது. அதனால் நான் சொன்னது சரியென்று ஆகிவிடுமா? தடிப்பில்லாத வார்ப்பு அது. அவசரத்துக்கு ஏற்றியும் ஒன்றும் ஆகாமல் தப்பிய அடுப்புகளைக் கண்டிருக்கிறேன். ஆனால் வெடித்தால் அடுப்பு வாயில் நிற்பது நானில்லை, விறகு போடுகிற பையன். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், உண்மையும்கூட. என்ன, அன்றைக்கு அந்தப் பையன் என் நினைவில் இருந்தானா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல வராது. உத்தரவாதக் கடிதத்தில் என் கையெழுத்து இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. நேரே துரையிடம் போய், அந்த நாளுக்கு ஆட்களைப் புல்லு வெட்டவாவது போட்டுப் பேர் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். காண்ட்ராக்ட்காரன் அப்படிக் கேட்டால் தோட்டத்தில் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

இப்போது கொட்டேஷன் எழுதும்போது, அடுப்பு காயும் நாட்களுக்குக் கொழுந்தை வேறு தொழிற்சாலைக்கு அனுப்ப முன்கூட்டியே ஒழுங்கு செய்யவும் என்று ஒரு வரி சேர்க்கிறேன். போன தடவை வேறொரு துரை அந்த வரியை வெட்டிவிட்டு, "கொழுந்து எங்க பாடு, நீங்க அடுப்ப பாருங்க" என்றார். முற்பணம் வந்தது, வேலையைத் தொடங்கினோம்.