பத்து நிமிட வெளிச்சம்

லண்டனிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கண்ணை மூடினால் அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பார்த்த பழைய ஈரான் கம்பளம்தான் வருகிறது. ஆனால் முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மழைக்குப் பயந்து நானும் அக்காவும் விடுதி வாசலில் ஒரு காரில் ஏறினோம். சவுத் கென்சிங்டனில் இறக்கிவிட்டு 28 பவுண்ட் பிடுங்கிக்கொண்டார். நம்ம காசில் 3,000 ரூபாய்க்கு மேல்! பாதாள ரயிலில் ஆளுக்கு ஏறக்குறைய 3 பவுண்ட்தான். வங்கி கார்டைத் தட்டினாலே கதவு திறக்கும். ஸ்டேஷனிலிருந்து மியூசியம் வரை சுரங்கப்பாதையே இருக்கிறது, நனையவே வேண்டாம். கார் பிடிக்காதீர்கள்.

விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நேராக இஸ்லாமியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். ஈரானில் 1539-40இல் நெய்து முடித்த அர்தபில் கம்பளம், பத்து மீட்டருக்கு மேல் நீளம், கண்ணாடிக் கூண்டுக்குள் அரையிருட்டில் கிடக்கிறது. சாயம் வெளுக்கக்கூடாது என்று அரை மணிக்கு ஒருமுறை, 10 நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள். நாங்கள் போனபோது அப்போதுதான் அணைந்திருந்தது. "இருடி, மறுபடியும் போடுவாங்க" என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளிச்சம் வந்ததும் கருநீலம் அப்படியே பொங்கியது. நடுவில் பதக்கம் மாதிரி ஒரு மஞ்சள் வடிவம், அதன் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி நெய்த இரண்டு விளக்குகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்ன விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்களாம். குனிந்து பார்த்தேன், எனக்கு அப்படித் தெரியவில்லை. கோடிக்கணக்கான முடிச்சுகள், அத்தனையும் கையால் போட்டவை! ஓரத்தில், இதைச் செய்யும் பொறுப்பில் இருந்தவராகக் கருதப்படும் மக்சூத் காஷானியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே நெய்திருக்கிறார்கள்.

1893இல் இதை மியூசியத்துக்கு வாங்கச் சொன்னவர் வில்லியம் மோரிஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர். அவருடைய நிறுவனம் அலங்கரித்த பச்சை அறை அங்குள்ள உணவகத்திலேயே இருக்கிறது. பட்ஜெட் இடித்ததால் ஒரு ஸ்கோன், ஒரு டீ, ஆளுக்குப் பாதி. ஆனால் இலையும் பழமுமாக இருக்கும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்த டீயை மறக்க மாட்டேன்.

அதே மியூசியத்தில், ரோமில் இருக்கும் பழைய வெற்றித் தூணான டிராஜன் தூணின் பிளாஸ்டர் வார்ப்பு கூரைக்கு அடங்காமல் இரண்டு துண்டாக நிற்கிறது, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம்.

மறுநாள் டிசைன் மியூசியம். நிரந்தரக் காட்சி இலவசம், மற்றதெல்லாம் விலை அதிகம், விட்டுவிட்டோம். வளைந்து நெளியும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம்.

விக்டோரியா ஆல்பர்ட் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை உண்டு, ஆனால் எல்லாக் கூடமும் திறந்திருக்காது. கம்பளத்தைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். நாங்கள் மூன்று முறை விளக்கு எரியும்வரை உட்கார்ந்திருந்தோம்.