விதை நோட்டுக்கு ஓர் இணையதளம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

அப்பாவின் விதை நோட்டை இணையத்தில் ஏற்றப் போகிறேன். மொத்தம் 43 நெல் ரகங்கள். விதை கேட்டு யாராவது இரவில் கூப்பிட்டால், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டி வாசிப்பார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. மன்னார்குடிப் பக்கம் இப்படி ஒரு நோட்டு இருப்பது இன்னும் பலருக்குத் தெரிய வேண்டும்.

2006இல் ஒரு டிடிபி சென்டரில் பாதியைத் தட்டச்சு செய்து சிடியில் வைத்திருந்தார். இன்று திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற மாற்றியில் போட்டேன். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. அந்த இடங்களில் சில சொற்கள் குலைந்துவிட்டன. ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறேன்.

ஜூன் 4, புதன்

எதில் கட்டுவது என்று மூன்று நாளாக யோசனை. இழுத்துப் போட்டுக் கட்டும் சேவைகள் சுலபம்தான், ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் ஒட்டிக்கொண்டு வரும், சொந்த முகவரியும் கிடையாது. நாளைக்கு வேறு இடத்துக்குப் போக நினைத்தால் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போவது கஷ்டம்.

எனக்குப் பிடித்தது ஹ்யூகோ. வெறும் எழுத்துக் கோப்புகளைக் கொடுத்தால் பக்கங்களாக ஆக்கித் தந்துவிடும். அந்தப் பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் 1 ஜிபி வரை காசில்லாமல் வைக்கலாம். ஆனால் புது ரகம் வந்தால் அப்பாதான் ஏற்ற வேண்டும், அதுவும் கைப்பேசியிலிருந்து. கோப்பை எழுதி கிட்ஹப்புக்குத் தள்ளு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆகவே கைப்பேசியிலிருந்தே எழுதி ஏற்றக்கூடிய வேர்ட்பிரஸ். மென்பொருள் இலவசம், இடத்துக்கும் முகவரிக்கும் மட்டும் ஆண்டுக் கட்டணம். அதே பெயரில் டாட் காம் என்று முடிகிற வாடகைச் சேவை வேறு. நமக்கு வேண்டியது டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கும் மென்பொருள். இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாலை ஆனது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்க டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் ஆயத்த வடிவமைப்பு. மூன்றைப் பார்த்தேன். மாதிரிப் பக்கத்தில் மூன்றுமே கண்ணைப் பறித்தன. அந்த ஆங்கில வரிகளை அழித்துவிட்டு நோட்டிலிருந்து எடுத்த வரிகளைப் போட்டதும் முதல் இரண்டும் நிற்கவில்லை.

ஒன்றில் தலைப்புக்கு வரி இடைவெளி 1.1. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் 'பூ' இறக்கிய கால், கீழ்வரியின் 'வி' தூக்கிய மேல்வளைவோடு முட்டுகிறது. இன்னொன்றில் 'சிவப்புக்குடவாழை' என்ற ஒரே சொல் கைப்பேசித் திரையைத் தாண்டி ஓடிவிட்டது. அதைவிட முக்கியம் எழுத்துரு. அந்த டெம்ப்ளேட்டின் அழகான எழுத்துருவில் தமிழே கிடையாது. அப்படியானால் பார்க்கிறவரின் கருவியில் எது இருக்கிறதோ அதுதான் வரும்: என் மடிக்கணினியில் நிர்மலா, அப்பா கைப்பேசியில் நோட்டோ என்ற எழுத்துரு. இரண்டிலும் ஒரே பக்கம் வேறு வேறு முகம்.

கடைசியில் வேர்ட்பிரஸுடனேயே வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் என்ற டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டேன். வேர்ட்பிரஸ் 6.5 பதிப்பிலிருந்து எடிட்டருக்குள்ளேயே கூகுள் எழுத்துருக்களை நிறுவலாம். முக்தா மலர் நிறுவினேன், வரி இடைவெளியை 1.7 ஆக்கினேன். உடனே பக்கம் மூச்சு விட்டது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது. வீட்டில் வேறு பேச்சில்லை. பூங்கார், அறுபதாம் குறுவை ரகங்களின் விதை கேட்டுக் காலையிலிருந்து ஏழு அழைப்பு. தளம் இன்னும் ஆகவில்லையே என்று எனக்குத்தான் பதைப்பு.

ஜூன் 15, ஞாயிறு

பூங்கார் பக்கத்தின் சுட்டியைச் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று வரிக்கு விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் போய் விழுந்தது. வைரஸா என்று கேட்டார். காரணம் இதுதான்: இணையத்தில் யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். எழுத்து, துணைக்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 'பூங்கார்' 8 குறிகள், விரித்தால் 72 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடுவதால் கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் நிற்கும். மனசே இல்லாமல் முகவரிகளை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தேன். பக்கத்துக்குள் எல்லாம் தமிழ்.

ஜூன் 21, சனி

அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு ரகத்துக்கும் மேலே படம், அதன் கீழ் விலை, அப்புறம் வயது, உயரம், மண். விற்பனைத் தளங்களைப் பார்த்துப் பழகிய கை அப்படித்தான் வரிசை போட்டிருந்தது.

நெடுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "இது யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு எங்கேம்மா போட்டிருக்கே?" என்றார்.

கடைசி வரியில் இருந்தது. நோட்டை எடுத்துக் காட்டினார். எல்லாப் பக்கத்திலும் ரகத்தின் பெயருக்கு அடுத்த வரி, கொடுத்தவர் பெயரும் ஊரும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவந்தார். அப்பாவின் நோட்டில் பல ரகம் அந்த வழியில் வந்தது. "கொடுத்தவங்க பேரு கீழே போனா, அது வெறும் கடைச் சரக்கு" என்றார்.

வரிசையை மாற்றினேன். பெயர், கொடுத்தவர், நாம் கொடுத்தவர்கள், மண், வயது. விலை இடத்தையே எடுத்துவிட்டேன். இதை ஒரு பேட்டர்னாக, அதாவது மறுபடி பயன்படுத்தும் அச்சாகச் சேமித்துவிட்டதால் புதுப் பக்கத்தில் அதைச் சேர்த்தால் கட்டங்கள் தயாராக நிற்கும், அப்பா நிரப்பினால் போதும். படங்களையும் சுருக்கினேன்: கைப்பேசியில் எடுத்தவை ஒவ்வொன்றும் 4 எம்பி, 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றியதும் 150 கேபிக்குள் வந்தன. களத்துமேட்டில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

காட்டுயானம் ரகத்தை அப்பாவே ஏற்றினார். பேசினால் எழுதும் வசதியில், வரப்பில் நின்றபடி. 'யானை மறையும் உயரம்' என்று சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறது. இரண்டு இடத்தில் பூங்கார் 'பூங்கா' ஆகிவிட்டது, திருத்தினேன். கதிரைப் பிடித்த அவர் கட்டைவிரல் படத்தில் இருக்கிறது. வெட்டவில்லை. கதிரின் நீளத்துக்கு அதுதான் அளவு.

இரவு எட்டு மணிக்கு வழக்கமான அழைப்பு. அப்பா நோட்டை எடுக்கவில்லை. "லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா? யாரு கொடுத்த விதைன்னு முதல்ல இருக்கும், படிச்சுட்டு வாங்க. வெள்ளிக்கிழமை காலையில வந்தா எடுத்துட்டுப் போலாம்."