கோயில் காசு போன கணக்கைப் பிரித்த அனுபவம்

கோயிலைப் பொறுப்பாக நடத்தும் வண்ணக்கர், கோயில் காசைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுப் புழங்கியிருந்தால், அந்தக் கணக்கின் இன்றைய மீதியை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். காசு விழுந்த நாளுக்குப் பிறகு கணக்கு ஆகக் குறைந்து எவ்வளவுக்கு இறங்கியது என்பதே முதற் கேள்வி. மட்டக்களப்பில் இப்படியான கணக்குகளைப் பிரிக்கையில் எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

கணக்கு இப்படி ஓடுகிறது என்று வையுங்கள். அவருடைய காசு 2 இலட்சம். வயல் குத்தகையால் வந்த கோயில் காசு 6 இலட்சம் அதில் சேருகிறது. முதலில் 1.5 இலட்சம் எடுத்துச் செலவழிக்கிறார். 1880ஆம் ஆண்டின் ஹலெட் என்ற ஆங்கிலத் தீர்ப்பின்படி, பொறுப்பாளர் முதலில் தன் காசையே எடுத்ததாகக் கொள்ளப்படும்; ஆகவே அது அவருடைய சொந்தக் காசு. அடுத்து 5.5 இலட்சத்துக்குக் காணி வாங்குகிறார். அதில் 50 ஆயிரம் அவருடையது, 5 இலட்சம் கோயிலுடையது. மீதி 1 இலட்சம். பிறகு நெல் விற்ற 4 இலட்சத்தைப் போடுகிறார். இப்போது கணக்கில் 5 இலட்சம் கிடந்தாலும் கோயில் அதில் 1 இலட்சத்தைத்தான் உரிமை கோரலாம். கோயிலுக்கு ஈடுசெய்யவே போட்டார் என்று காட்டினால் மட்டும் கதை மாறும். மிச்சத்துக்குக் காணியைத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் எடுத்த காசில் நிலைக்கும் சொத்து வாங்கி, பின்னால் எடுத்ததைக் கரைத்திருந்தால், ஹலெட்டைக் காட்டி அவர் தப்ப முடியாது. 1903ஆம் ஆண்டின் ஓட்வே என்ற ஆங்கிலத் தீர்ப்பு அந்தச் சொத்தையே கோர இடம் தருகிறது. மேலதிகப் பற்றில் இருந்த கணக்கில் விழுந்த காசு கடனோடு கரைந்துவிடும். அங்கே தடம் பெரும்பாலும் முடிந்தது.

பாஸ்புத்தகம் போதாது. நெடுநாள் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் பல கொடுக்கல்வாங்கல்கள் ஒரே வரியாக விழும், இறங்கிய மீதி மறைந்துபோகும். நாள்வாரியான வங்கிக் கூற்றும் காசோலைகளின் இரு பக்கப் பிரதியும் கேளுங்கள். காசோலை எந்தக் கணக்கில் வைப்பானது என்பது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். கோயில் கணக்குக்கு நிருவாக சபையின் கடிதம் போதும், வண்ணக்கரின் சொந்தக் கணக்குக்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோயில் வழக்கென்றால், அக்கறையுள்ள ஐந்து பேர் முதலில் கச்சேரிக்கு மனுக் கொடுத்து, விசாரணை முடிந்து சான்றிதழ் பெற வேண்டும். அதைத் தாண்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடினால் வழக்கு வாசலிலேயே விழும்.

காணி பிள்ளையின் பேரில் நன்கொடை உறுதியாக மாறியிருந்தாலும் பின்தொடரலாம். சீதனமாக எழுதியிருந்தால், அது விலை கொடுத்ததற்குச் சமம் என்று எதிர்ப்பக்கம் வாதிடும். சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் போனால் காணி கைநழுவும். ஆகவே வழக்குத் தாக்கலானதும் அந்தக் காணி மீது வழக்கு நிலுவையில் உள்ளது என்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.