கும்பகோணம் ஒண்ணு

என் வீட்டுக்காரருக்கு 56 வயது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று சொன்னால் "அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே" என்று என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். 65-க்கு முன்னாலும் வரும்ங்க. இந்த நோயில் ஒரு வகைக்குத் தன் பேரையே கொடுத்த அல்சைமர் டாக்டர் 1901-இல் பார்த்த நோயாளி அம்மாவுக்கே 51 வயதுதான்.

முதலில் டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் தைராய்டு, பி12, கடைசியாகத்தான் எம்ஆர்ஐ ஸ்கேன், இதிலேயே ஒன்றரை வருடம் போய்விட்டது. அதற்குள் பஸ் டிப்போவில் வசூல் கணக்கு உதைத்து எத்தனை முறை கைக்காசு கட்டினாரோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் இட்லி சாப்பிட்டது மறந்துவிடுகிறது. ஆனால் 28 வருடம் கண்டக்டராக ஓடிய தஞ்சாவூர் கும்பகோணம் ரூட் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் என்று தானாகச் சொல்லிக்கொண்டிருப்பார், இடது கை விரலிடுக்கில் நோட்டை மடித்து வைத்திருக்கிற மாதிரியே இருக்கும்.

நேற்று சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா போகணும்?" என்றார். தொண்டை அடைத்துவிட்டது. சரி, என்ன செய்ய, "கும்பகோணம் ஒண்ணு" என்றேன்.

"சில்லறையா குடும்மா" என்கிறார் மனுஷன்.