மூன்று அணி, ஒரே கணக்கு

ஆஸ்டினில் என்னோடு வேலை பார்க்கும், டெக்ஸஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகரிடம் 2008 என்று மட்டும் சொன்னால் போதும், "45-35" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வருடம் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை டெக்ஸஸ் வென்ற ஸ்கோர்.

அப்புறம் லபக் நகரில் டெக்ஸஸ் டெக் என்ற இன்னொரு பல்கலைக்கழக அணி 39-33 என்று டெக்ஸஸைக் கவிழ்த்தது. பந்தைப் பிடித்த டெக் வீரர் கிராப்ட்ரீ, ஒரு நொடி மிச்சமிருக்கும்போது கோல் கோட்டைத் தாண்டினார். அந்த டெக்கை ஓக்லஹோமா 65-21 என்று துவைத்து எடுத்தது. இவர்கள் ஆடிய பிக் 12 என்ற கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில் மூவருக்கும் 7 வெற்றி, 1 தோல்வி; பிரிவுக்கு ஒருவர்தான் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். நேருக்கு நேர் யார் ஜெயித்தார் என்று பார்த்தாலும் சுற்றிச் சுற்றி அதே இடம்தான். விதிப்படி கடைசியில் நாடு முழுவதற்குமான பி.சி.எஸ். தரவரிசையைப் பார்த்தார்கள். வாக்கெடுப்பும் கணினிக் கணக்கும் கலந்த அந்தப் பட்டியலில் ஓக்லஹோமா மயிரிழை முன்னால். இறுதி ஆட்டத்துக்குப் போய் மிசௌரியை 62-21 என்று வென்றதும் அவர்களே.

எனக்கு எஸ்.இ.சி. என்ற இன்னொரு கூட்டமைப்பின் அன்றைய விதிதான் நியாயமாகப் படுகிறது: தரவரிசையில் நெருக்கமாக இருக்கும் இருவருக்குள் யார் யாரை வென்றார் என்று பார். அப்படியென்றால் டெக்ஸஸ் போயிருக்கும். இப்போது டெக்ஸஸே எஸ்.இ.சி.யில்தான், அங்கே 2024 முதல் பிரிவுகளே கிடையாது, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு இறுதி ஆட்டம்.