அடகுச் சீட்டில் படித்த ஆங்கிலம்

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். அந்தத் தைரியத்தில் தனியார் வங்கியொன்றின் பயிலுநர் தெரிவுப் பரீட்சைக்குப் போய், ஆங்கிலத் தாளில் தோற்றேன். கடன் பற்றிய பந்தியில் 'பிரின்சிபல்' என்றொரு சொல். பாடசாலை அதிபர் எதற்காக வங்கிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று யோசித்ததிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது. வட்டி சேராத முதலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதலும் வட்டியும் எனக்குத் தெரியாதா? தெரியும், தமிழில்.

இரண்டாம் தடவைக்கு ஆயிரம் சொற்கள் கொண்ட கைநூல் ஒன்றை வாங்கி, நாளுக்கு முப்பதாக மனனம் செய்தேன். ஒரு மாதத்தில் பாதி மறந்தது, மீதி குழம்பியது. அந்தப் பணத்துக்கு யாழ்ப்பாணத்து ரியோ கடையில் நான்கு ஐஸ்கிரீம் குடித்திருக்கலாம்.

உதவியது அம்மாவின் அலுமாரி. காப்பை அடகு வைத்த சீட்டு அங்கே இருந்தது, மூன்று மொழியிலும் அச்சடித்தது. நகையை 'மீட்பது' ஆங்கிலத்தில் 'ரிடீம்'. கூடப் படித்த கத்தோலிக்கத் தோழியிடம் காட்டினேன். "எங்கள் பூசைப் புத்தகத்தில் மீட்பருக்கு 'ரிடீமர்' என்றுதான் இருக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் மனனம் செய்யவே இல்லை. அதே சீட்டில் 'அட்வான்ஸ்' என்றும் இருந்தது. வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் முற்பணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது நகையின் பேரில் வங்கி தந்த கடன்.

அடுத்து, அண்ணாவின் சம்பளச் சீட்டு. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். தொழில்தருநர் தன் பங்காக 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற வேறொரு நிதிக்கான 3 வீதமும் தொழில்தருநரின் பொறுப்பே. இரண்டு தரப்பும் செலுத்துவது 'கொன்ட்ரிபியூஷன்'. ஆனால் ஊழியருடைய 8 வீதம் மட்டுமே 'டிடக்‌ஷன்', ஏனென்றால் அதுதான் அவர் சம்பளத்திலிருந்து வெட்டப்படுகிறது. 60,000 ரூபாய் சம்பளத்தில் அண்ணாவிடம் கழிப்பது 4,800. அவருடைய சேமலாப நிதிக் கணக்கில் சேர்வது 12,000. இப்படியொரு கணக்கு என் இரண்டாம் பரீட்சையில் வந்தது. இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைத்தவர்கள் 20 வீதத்தையும் கழித்துவிட்டு வந்தார்கள்.

வணிகப் பிரிவு மாணவர்களை அதிகம் வீழ்த்துவது 'டெபிட்', 'கிரெடிட்' என்ற இரட்டையர். நமக்குக் கணக்கீட்டில் டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. காசு வந்தால் காசுக் கணக்கை வரவு வைத்துப் பழகிய கை. ஆனால் கணக்கில் பணம் விழுந்ததும் 'கிரெடிட்டட்' என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது. முதலில் யாரோ என் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றே பதறினேன். குறுஞ்செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து வருகிறது. நாம் வைப்பிலிட்ட பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதாவது வங்கியின் பொறுப்பு. பொறுப்புக் கூடினால் கிரெடிட். யாருடைய ஏடு என்று முதலில் கேட்டுவிட்டு விடை எழுதுங்கள்.

'பில்' என்றால் மின்சாரக் கட்டணம் என்று எழுதாதீர்கள். நிதிப் பந்திகளில் அது பெரும்பாலும் திறைசேரி உண்டியல், 91, 182, 364 நாட்களுக்கு அரசாங்கம் வாங்கும் குறுங்காலக் கடன். நம் ஊரில் உண்டியல் என்றால் ஒன்று கோயிலில் இருப்பது, மற்றது வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் வழி. மூன்றாவது ஒன்றும் இருப்பதைப் பொருளியல் ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். 'பொண்ட்' திறைசேரி முறி, அது நீண்டகாலக் கடன்.

வேலை தொடர்பான சொற்களுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போனேன். ஒரே நாள் தமிழ்ப் பத்திரிகையையும் ஆங்கிலப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே செய்தியை இரண்டிலும் வாசிப்பேன். தானே போனால் 'ரிசைன்', வயதாகிப் போனால் 'ரிட்டயர்', குற்றம் கண்டு அனுப்பினால் 'டிஸ்மிஸ்'. 'ரிடண்டன்ட்' ஆனவர் மீது குற்றம் ஏதும் இல்லை, அந்த வேலையே இல்லாமல் போயிற்று. என்னிடம் இருந்த அகராதி கடைசி இரண்டுக்கும் பணிநீக்கம் என்றே போட்டிருந்தது. வேலையிழந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

எழுத்துப் பரீட்சை இம்முறை கடந்தது. நேர்முகத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், உங்கள் ஊர்ச் சனம் எப்படிச் சேமிக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சீட்டு என்று சொல்ல வாயெடுத்தேன், ஆங்கிலச் சொல் வரவில்லை. சொல்லை விட்டுவிட்டு வேலையைச் சொன்னேன். இருபது பேர் மாதம் ஒரு 'இன்ஸ்டோல்மென்ட்' கட்டுவார்கள், அவசரமானவர் அதிகக் 'டிஸ்கவுண்ட்' விட்டு முழுத்தொகையையும் எடுப்பார், அந்தக் கழிவை மற்றவர்கள் பங்கிடுவார்கள் என்று. அவர் கதிரையில் முன்னே சாய்ந்தார்.

"எடுத்தவர் பிறகு கட்டாமல் 'டிஃபோல்ட்' ஆனால்?"

"சீட்டுப் பிடிக்கிற அக்கா அவர் வீட்டு வாசலில் போய் இருப்பார், சேர்" என்றேன். அவர் சிரித்து முடியச் சற்று நேரமாயிற்று.