கரைவலைப் பங்கும் ஃபுளோட் வகையும்

திருகோணமலையில் மீன் வியாபாரிகளுக்கும், கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் உரிமையாளர்களான சம்மாட்டிமாருக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது, எந்த எண்ணை எந்தத் தரவு வகையில் வைப்பது என்று முடிவெடுக்கத்தான்.

ஒரு மொத்த வியாபாரியின் பழைய நிரலைத் திருத்தக் கேட்டார்கள். அதில் நாள் மொத்தம் ஃபுளோட் வகையில், அதாவது தசமப் புள்ளியுள்ள எண்ணைக் குறிப்பிட்ட சில பிட்டுகளுக்குள் (0, 1 என்ற இரண்டடிமான இலக்கங்களுக்குள்) அடக்கும் வகையில் இருந்தது. பற்றுச்சீட்டுகளைக் கையால் கூட்டினால் ஒரு தொகை, திரையில் இன்னொரு தொகை. வித்தியாசம் சதக் கணக்கில்தான். கணக்குப்பிள்ளை சொன்னார்: "தம்பி, விடியப்புறம் சரியாத்தான் காட்டுது. வியாபாரம் ஏறின பிறகுதான் பிழைக்குது."

நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார். 32 பிட் ஃபுளோட்டில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட், தசமத்தில் ஏறத்தாழ 7 இலக்கம். தொகை 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் அந்த வகையால் சதம் சதமாக நகர முடியாது. ஒவ்வொரு படியும் 1.5625 சதம். 10,48,576 ரூபாயைத் தாண்டினால் படி 12.5 சதம். 1,67,77,216 ஐத் தொட்டபின் ஒரு ரூபாயைக் கூட்டிப் பாருங்கள், தொகை அசையாது. மொத்த மீன் வியாபாரத்தில் ஒரு இலட்சம் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே புரண்டுவிடும்.

டபுளுக்கு, அதாவது ஃபுளோட்டின் 64 பிட் வடிவத்துக்கு, மாற்றினால் போதும் என்பார்கள். அதில் 53 பிட் உண்டு, உண்மைதான். ஆனாலும் 0.1 என்பது இரண்டடிமானத்தில் முடிவில்லாமல் நீளும் எண். எங்கோ வெட்டித்தான் ஆகவேண்டும். டபுளில் 1.005 ரூபாயைச் சதமாக்க 100 ஆல் பெருக்கினால் 100.49999999999999 வருகிறது. மட்டந்தட்டினால் 101 சதம் வரவேண்டிய இடத்தில் 100. கடன் தீர்ந்ததா என்று பார்க்க நிலுவையைப் பூச்சியத்தோடு ஒப்பிடும் வரியும் இப்படித்தான் ஏமாற்றும். நிலுவையில் ஒரு துளி மிச்சம் நின்று, கட்டி முடித்தவர் கடன்காரராகவே நிற்பார். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதனால் காசைச் சதமாக்கி முழு எண்ணாகவே வைக்கிறேன், எடையைக் கிராமில். முழு எண்ணிலும் 32 பிட் போதாது: 2,14,74,836 ரூபாய் 47 சதத்தோடு நிரம்பிவிடும். 64 பிட் வேண்டும். தரவுத்தளத்தில் என்றால் தசம இலக்கங்களை அப்படியே வைக்கும் டெசிமல் வகை. ஜாவா நிரல்மொழியில் அதே வேலையைச் செய்யும் பிக்டெசிமலுக்கு 0.1 ஐ டபுளாகக் கொடுத்தால் பிழையும் கூடவே உள்ளே போகும். "0.1" என்று எழுத்துச் சரமாகக் கொடுக்கவேண்டும்.

டபுளை நான் வெறுக்கவில்லை. படகின் இருப்பிடம் அளந்து பெறும் எண், அதற்கு டபுள்தான் பொருத்தம். ஃபுளோட்டில் எண் பெரிதாகப் பெரிதாகப் படியும் பெரிதாகும். திருகோணமலை கிழக்கு நெடுங்கோடு 81 பாகையில் இருப்பதால் ஃபுளோட்டில் ஒரு படி ஏறத்தாழ 84 சென்ரிமீற்றர். அகலக்கோடு 8 பாகை சொச்சம் என்பதால் அங்கே படி 10 சென்ரிமீற்றர்தான். ஒரே வகை, ஒரே படகு, கிழக்கு மேற்கில் ஒரு துல்லியம், வடக்குத் தெற்கில் இன்னொன்று!

வகையைச் சரியாக எடுத்த பிறகும் மட்டந்தட்டும் விதி மிச்சம் இருக்கிறது. கனடாவின் வன்கூவர் பங்குச்சந்தையில் 1982 இல் 1000 புள்ளியில் தொடங்கிய சுட்டெண்ணை, ஒவ்வொரு முறையும் மட்டந்தட்டாமல் கடைசி இலக்கங்களை வெட்டி எறிந்தபடி கணக்கிட்டார்கள். 1983 நவம்பரில் அது 524 அளவில் நின்றது; திருத்திக் கணக்கிட்டபோது 1098.

கரைவலைப் பங்கில் இது நேரடியாகவே வந்து நிற்கும். ஒரு இலட்சத்தை ஏழு பங்காக்கினால் ஆளுக்கு 14,285 ரூபாய் 71 சதம், மீதி 3 சதம். அது யாருக்கு என்று எந்தத் தரவு வகையும் சொல்லாது. சம்மாட்டியிடமும் வலை இழுப்பவர்களிடமும் கேட்டேன். வலை பொத்துகிற செலவில் போடச் சொன்னார்கள். இப்போது அந்த மீதி ஒவ்வொரு பங்குச் சீட்டின் அடியிலும் தனி வரியாக அச்சாகிறது.